சூளைக்குள் வைத்த சோறு

என் மருமகள் போன வாரம் மிஞ்சிய இட்லியை நான்காக வெட்டி, எண்ணெயில் பொரித்து, மேலே சீஸைத் துருவிப் போட்டு, அதன் தலையில் மிளகாய்ப் பொடியையும் தூவி என் முன்னால் வைத்தாள். "அத்தை, ஃபியூஷன். சாப்புட்டுப் பாத்துட்டு சொல்லுங்க" என்றாள். என் மகன் சமையற்கட்டு வாசலிலேயே நின்று இரண்டு தட்டைக் காலி செய்துவிட்டான். நான் வைக்கும் குழம்பைச் சாப்பிடும்போது போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவன் அவன்.

"இதெல்லாம் எங்க வூட்டுல அப்பவே வந்துடுச்சி" என்று சொல்லிவிட்டேன். சும்மா இருந்திருக்கலாம்.

"யாரு அத்தை செய்வாங்க?" என்றாள்.

அண்ணி என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் எனக்குத் தொண்டையைத் தாண்டி வருவதற்கு இன்றைக்கும் நேரமாகிறது. உங்களில் பல பேருக்கு என்னைப் போலவே தலை நரைத்திருக்கும், முட்டி வலிக்கும், பழைய கோபங்களில் பாதி மறந்திருக்கும். ஆனால் பொறாமை இருக்கிறதே, அதற்கு வயசே ஆவதில்லை. சந்தேகம் இருந்தால் நான் சொல்லப்போவதைக் கேளுங்கள்.

அப்பா பீங்கான் கம்பெனியில் சூளை மேஸ்திரி. விருத்தாசலத்தில் அப்போது தெருவுக்கு ஒரு வீட்டிலாவது யாராவது பீங்கானோடு சம்பந்தப்பட்டிருப்பார்கள். அப்பாவின் கம்பெனியில் பொம்மைகள், கரண்டு பியூஸ் கட்டைகள், ஊறுகாய் ஜாடிகள் எல்லாம் வேகும். எங்கள் வீட்டில் காது உடைந்த கோப்பைகளுக்கும் கழுத்து கோணிய ஜாடிகளுக்கும் குறைவே கிடையாது. விற்பனைக்கு ஆகாதவற்றுக்கு 'செகண்ட்ஸ்' என்று பேர். எங்கள் வீட்டுக்குள் வந்த பாத்திரம் எல்லாமே செகண்ட்ஸ்தான்.

சூளை பிரிக்கிற நாளில் ஒரு வழக்கம் இருந்தது. சூளையை எரித்து, வாசலைச் செங்கல் வைத்து மூடி, ஆற விட்டு, பிறகு அந்தச் செங்கற்களை எடுப்பதைத்தான் பிரிக்கிறது என்பார்கள். அன்றைக்கு அத்தனை வேலைக்காரர்களுக்கும் மேஸ்திரி வீட்டுச் சாப்பாடு. முதல் இலை சாமிக்கென்று சூளை வாசலுக்கு. சாப்பாடு என்றால் அம்மாவின் மொச்சைக் கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, மோர். வருஷக்கணக்காக அதேதான், அம்மாவின் கைதான். சாமானுக்குக் கிளேஸ், அதாவது பளபளப்புப் பூச்சு, அடிக்கிற அக்கா ஒருத்தி உண்டு, வாய் சும்மா இருக்காது. "மேஸ்திரி சூளைய நம்பி நான் வேலைக்கு வரல, மேஸ்திரி பொண்டாட்டி கொழம்ப நம்பித்தான் வரேன்" என்று அப்பாவின் முகத்துக்கு நேரேயே சொல்லும்.

எனக்கு இதில் ஒரு பங்கு இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஊறிய மொச்சையைப் பிதுக்கித் தோல் நீக்க வேண்டும். நானும் அம்மாவும் முறத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பிதுக்குவோம். மற்ற நாளில் அம்மா என்னிடம் பேசுவது "தண்ணி எடுத்தாடி", "கதவ சாத்துடி" அளவில்தான். மொச்சை பிதுக்கும்போது மட்டும் என்னைப் பெரிய மனுஷியாக நினைத்துப் பேசுவாள். ஸ்ரீமுஷ்ணத்தில் தன் அக்கா வீட்டில் நடந்த சண்டை, யார் யாருக்குக் கல்யாணம் தட்டிப்போனது, எல்லாம் அப்போதுதான் எனக்குத் தெரியும். வழுக்கிக்கொண்டு வெளியே குதிக்கிற பருப்பும் அம்மாவின் தணிந்த குரலும் சேர்ந்து அந்த ஒரு சாயங்காலம் என்னுடையது.

அண்ணி வந்தது நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடையில். அண்ணன் லாரி ஓட்டினான். பொம்மைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பம்பாய் வரைக்கும் போவான். அங்கே திட்டக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன எங்கள் தூரத்து உறவுக்காரர் வீட்டில் சாப்பிடுவான். சாப்பாட்டில் விழுந்தானோ பெண்ணிடம் விழுந்தானோ, அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டு மறுபடி லாரி ஏறிப் போய்விட்டான்.

அண்ணி பேசுகிற தமிழில் நடுநடுவே இந்தி விழும். சமையலிலும் அப்படித்தான். வந்த வாரமே பஸ் ஸ்டாண்டு பேக்கரியிலிருந்து பன் வாங்கி வரச் சொன்னாள். மசித்த உருளைக்கிழங்கை இட்லி மாவில் தோய்த்துப் பொரித்து, பன்னைப் பிளந்து உள்ளே வைத்து, நம் பொட்டுக்கடலைச் சட்னியைத் தடவிக் கொடுத்தாள். அப்பா ஒன்று தின்றார். இன்னொன்று கேட்டார். எங்கள் அப்பா எதையும் இரண்டாவது தடவை கேட்டு நான் பார்த்ததில்லை.

"என்னாம்மா இது?"

"சும்மா மாமா, அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு எடுத்து சேத்துப் பாத்தேன்."

"சேத்துப் பாரு, சேத்துப் பாரு" என்றார் அப்பா. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

பிறகு அண்ணியைப் பிடிக்க முடியவில்லை. கம்பு மாவில் சப்பாத்தி தட்டி உள்ளே கருவாட்டுத் தூள் வைத்தாள். காது உடைந்த கோப்பைகளில் கடலை மாவுக் கரைசலை ஊற்றி இட்லிப் பானையில் வேக வைத்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினாள். அப்பா அதற்கு மஞ்ச இட்லி என்று பேர் வைத்தார். என் சிநேகிதிகள் என்னைப் பார்க்க வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்து, என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "உங்க அண்ணி இன்னிக்கி என்னா செஞ்சிருக்காங்க?" என்பார்கள். எனக்கு அவர்களைக் கிள்ள வேண்டும் போலிருக்கும்.

எல்லாமே நன்றாக வந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் அதே மஞ்ச இட்லியைக் கேழ்வரகில் செய்தாள். கோப்பையைக் கவிழ்த்தால் கீழே விழவில்லை. குத்தி எடுத்தபோது தட்டில் 'டொக்' என்று சத்தம் கேட்டது. நான் அப்பாவின் முகத்தையே பார்த்தேன். இன்றைக்கு அண்ணிக்குச் சரியாகக் கிடைக்கும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் சாப்பாட்டில் தப்பு நடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முன்பு ஒரு தடவை அம்மா வைத்த குழம்பில் உப்பு கூடிப்போனது. அப்பா திட்டவில்லை. தட்டை ஒரு விரலால் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அம்மா அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை.

இப்போது அப்பா அந்தக் கேழ்வரகுக் கட்டியை எடுத்து, சூளைச் சாமானைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரலால் சுண்டிப் பார்த்தார். "நல்லா வெந்திருக்குதும்மா, கிளேஸ் அடிச்சா வித்துப்புடலாம்" என்று சிரித்தார். அண்ணியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மாமா, உங்க சூளைக்குள்ள வெச்சா எப்டி இருந்திருக்கும்?" என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்தார்.

அடுத்த சூளை பிரிப்பதற்கு முந்தின நாள் காலையில் அப்பா சொன்னார். "இந்தத் தடவ மருமவ சமைக்கட்டும். சூளையிலயே வேவட்டும்."

அண்ணி சொல்லிக்கொடுத்த திட்டம் இது: அரிசியைப் பாதி வேக்காட்டில் எடுத்து, மொச்சை, கத்திரிக்காய், முட்டை, வதக்கிய வெங்காயம் என்று அடுக்கடுக்காக ஜாடிக்குள் வைக்க வேண்டும். பம்பாயில் பக்கத்து வீட்டு பாய்ம்மா பிரியாணிக்குச் செய்வதுபோல, மூடியைச் சுற்றி மைதா மாவை ஒட்டி ஆவி போகாமல் அடைக்க வேண்டும். கீழே நெருப்புக்குப் பதில் ஆறிக்கொண்டிருக்கிற சூளை. அதில் வேகப் போவது அம்மாவின் குழம்புச் சாமான்கள்தான், வேறு வேஷத்தில்.

அம்மா கேட்டாள், "சூளை சாமி எடமாச்சே?"

"சாமியும் புதுசா ஒண்ணு சாப்புடட்டும். இத்தினி வருஷம் பொம்மையத்தான் வேவ வெச்சேன், ஒரு தடவ சோத்த வேவ வெக்கிறேன்."

"வேலக்காரங்க?"

"அவங்களுந்தான்."

அன்று சாயங்காலம் மொச்சை பிதுக்க முறத்தருகே போனேன். அங்கே அண்ணி உட்கார்ந்திருந்தாள். பத்து விரலாலும் கடகடவென்று பிதுக்கிக்கொண்டிருந்தாள். "வா பாப்பா, ஒக்காரு" என்றாள். எனக்கு வயிற்று வலி என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். அம்மா வெளியே துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பாவாடையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

மறுநாள் காலை காற்றே இல்லை. வெயில் தகித்தது. அப்பா சூளை வாசலில் மேல் வரிசைச் செங்கல்லை எடுத்து உள்ளே கையை நீட்டிப் பார்த்தார். "பதமா இருக்குது" என்றார். கீழே கொஞ்சம் பிரித்து இரண்டு பெரிய ஜாடிகளையும் உள்ளே தள்ளி, சூடு போகாமல் செங்கல்லை மறுபடி அடுக்கி, இடுக்கில் மண்ணும் பூசினார். மத்தியானம் பிரித்தால் சாமானும் ஆறியிருக்கும், சோறும் வெந்திருக்கும் என்பது கணக்கு. வேலைக்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கிளேஸ் அக்கா கேட்டது, "மேஸ்திரி, சோத்துக்கு கியாரண்டி உண்டா?"

முற்பகலில் வானம் கறுத்தது. யாரும் எதிர்பார்க்காத கோடை மழை. முதலில் புழுதி கிளம்பியது, பிறகு ஈரக் காற்று, பிறகு தகரக் கூரையில் கல் கொட்டுகிற மாதிரி மழை. சூளைக் கொட்டகைக்குச் சுவர் கிடையாது. சாரல் நேரே சூளை வாசலுக்கு அடித்தது.

அப்பாவின் முகம் மாறிவிட்டது. சூடான சூளைக்குள் ஈரக் காற்று புகுந்தால் உள்ளே இருக்கிற சாமான் 'டிக் டிக்' என்று விரிசல் விடும். முழுச் சூளையும் செகண்ட்ஸாகிவிடும். பீங்கான் வேலையில் இருக்கிற சின்னப் பையனுக்கும் தெரிந்த விஷயம் அது. மழைக் காற்றில் சூளையைத் தொடக் கூடாது.

"மாமா, ஜாடி?" என்றாள் அண்ணி.

"தொட முடியாதும்மா."

"ஒரே ஒரு செங்கல்லு எடுத்தா போதுமே, கைய வுட்டு இழுத்துடலாம்."

"ஒரு செங்கல்லும் எடுக்க முடியாது."

"தார்ப்பாய மறைச்சிப் புடிச்சா?" என்றார் ஒருவர். அப்பா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தார்ப்பாய் என்ற வார்த்தையையே மறந்திருப்பார்.

மத்தியானமானது. மழை விடவில்லை. சூளையின் இடுக்கு வழியாக ஒரு வாசனை வந்தது பாருங்கள்! வதங்கிய வெங்காயமும் மொச்சையும் அரிசியும் சேர்ந்து புழுங்குகிற வாசனை. பசியோடு இருந்த அத்தனை பேரும் சூளையைச் சுற்றி மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இலைகளை விரித்தாகிவிட்டது. இலையில் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. சோறு மட்டும் செங்கல்லுக்குப் பின்னால்.

"எறா வாசன புடிச்ச பூன மாதிரி நிக்கிறோம்" என்றது கிளேஸ் அக்கா. "மேஸ்திரி, வாசனைய மோந்துட்டு கைய கழுவிக்கலாமா?"

பிறகு வாசனை கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறியது. வறுக்கிற வாசனை. பிறகு தீய்கிற வாசனை. அண்ணி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். எனக்கு உள்ளுக்குள் என்ன ஒரு குளிர்ச்சி! மழையால் வந்த குளிர்ச்சி என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை.

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். மொச்சையெல்லாம் சூளைக்குள் போய்விட்டது. வெறும் கருவாடும் புளியும் வெங்காயமும்தான் இருந்தன. அந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு குழம்பு வைத்தாள், ஒரு பெரிய பானை சோறு வடித்தாள். நான் பானைக்கு ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போனோம். கிளேஸ் அக்கா முதல் வாய் தின்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. "யக்கா, ஒன் கையக் குடு, ஒத்திக்கிறேன்" என்றது. எல்லோரும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து அப்பாவைப் பார்த்தேன். அவரும் சாப்பிட்டார். ஆனால் சூளையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். இலையில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை வெயில் வந்த பிறகுதான் சூளை பிரிந்தது. பொம்மை ஒன்றுகூட விரியவில்லை. கடைசியாக ஜாடிகளை எடுத்தார்கள். மாவு கரிக்கட்டையாகி மூடியோடு ஒட்டியிருந்தது. சுத்தியலால் தட்டித் திறந்தால், சோறு ஜாடியின் வடிவத்திலேயே கறுப்பாக நின்றது. அப்பா கரண்டியால் நடுவில் குடைந்து, கருகாத இடத்திலிருந்து கொஞ்சம் எடுத்து வாயில் போட்டார். கடித்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

"பொம்மையெல்லாம் ஃபஸ்ட் குவாலிட்டி" என்றார் அப்பா. "சோறுதான் செகண்ட்ஸு!"

சிரித்தார் பாருங்கள், இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். வேலைக்காரர்கள் சிரித்தார்கள். முந்தின நாள் தூணைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்ற அண்ணியும் சிரித்துவிட்டாள். "பரவால்லம்மா, அடுத்த தடவ கொஞ்சம் தள்ளி வெப்போம்" என்று அவளிடம் சொன்னார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், கிணற்றடியில் உட்கார்ந்து, உள்ளே இருந்த கரியைச் சுரண்ட ஆரம்பித்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்போது அண்ணியைப் பற்றி ஏதாவது சொல்வாள், நானும் சேர்ந்துகொள்ளலாம் என்று காத்திருந்தேன். வேலைக்காரர்கள் பேசிக்கொண்டதும் அதைத்தான். மருமகள் சமையலுக்குப் பேர் வருவது மாமியாருக்குப் பொறுக்கவில்லை என்று.

அம்மா ஜாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரு கல்லு உப்பு கூடிப்போச்சின்னு தட்ட தள்ளுன மனுசன். இன்னிக்கி ரெண்டு ஜாடி சோறு கரியாப் போச்சி. சிரிக்கிறாரு."

கொஞ்ச நேரம் சுரண்டினாள்.

"பேரு வாங்கறா, வாங்கிட்டுப் போவட்டும். அவ கெடுக்கலாம். எனக்கு ஒரு நாளு கெடுக்கறதுக்கு வுட்டிருப்பாங்களா?"

எனக்கு அப்போது இது விளங்கவே இல்லை. சோற்றைக் கெடுப்பதற்கு யாராவது ஆசைப்படுவார்களா? ஆனால் விளங்கிய ஆள் ஒருத்தி எங்களுக்குப் பின்னாலேயே இன்னொரு ஜாடியோடு நின்றிருந்தாள். அண்ணி ஜாடியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவுக்கு எதிரில் குந்தினாள்.

"அத்தை, உங்களுக்கு எதையாவது எதுலயாவது சேத்துப் பாக்கணும்னு ஆசை இருக்குதா?"

"போம்மா அந்தாண்ட, ஆசையாம்."

"சொல்லுங்கத்தை."

அம்மா சொல்ல மாட்டாள் என்றுதான் நினைத்தேன். கரியைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "முந்திரிப் பழம். கொட்டைய எடுத்துட்டு பழத்தத் தூக்கிக் கடாசுறாங்க. அத்த புழிஞ்சி, புளிக்குப் பதுலா கருவாட்டுக் கொழம்புல ஊத்தினா என்னாவும்னு... கல்யாணமாயி வந்த புதுசுல நெனச்சன்."

அண்ணிக்குக் கண் விரிந்துவிட்டது. மொச்சை பிதுக்கிய அத்தனை சாயங்காலத்திலும் அம்மா என்னிடம் இதைச் சொன்னதில்லை. அந்த நேரத்தில் எனக்கு நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று எழுதத் தெரியவில்லை. முந்திரிப் பழத்தைக் கடித்தால் தொண்டையைப் பிடிக்குமே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாளே முந்திரிக் காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கூடை பழம் வந்தது. இரண்டு பேரும் உப்புத் தண்ணீரில் போட்டு அவித்தார்கள், பிழிந்தார்கள், சேலையெல்லாம் கறை ஆக்கினார்கள். நான் உதவட்டுமா என்று கேட்டேன். "நீ கறையாக்கிக்காத, போ" என்றாள் அம்மா.

மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அம்மா குழம்பை ஊற்றிவிட்டு, போகாமல், அவர் எதிரிலேயே நின்றாள். அண்ணி கதவோரம். அப்பா பிசைந்து ஒரு வாய் வைத்தார். முகம் எட்டுக் கோணலாகியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், இரண்டு தடவை முயன்றும் பேச வரவில்லை. விரல் தட்டின் விளிம்புக்குப் போனது. அம்மா அந்த விரலைப் பார்த்தாள். அவள் அப்படி ஒன்றைப் பார்த்து நான் கண்டதில்லை. விரல் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது.

"மோரு இருக்குதா?" என்றார் அப்பா.

"இருக்குது. பொண்ணு ஊத்துவா" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள். அண்ணியும் போனாள். நான் வேறு தட்டு வைத்து மோர்ச்சோறு போட்டேன், எனக்கும் போட்டுக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே இரண்டு பேரும் சட்டியிலிருந்தே அந்தக் குழம்பைத் தின்கிற சத்தம் கேட்டது. நாக்கைச் சப்புக் கொட்டுகிறார்கள், காறுகிறார்கள், "ஐயய்யோ அத்தை" என்கிறாள் ஒருத்தி, "ஊத்து, இன்னங் கொஞ்சம் ஊத்துடி" என்கிறாள் இன்னொருத்தி. பிறகு சிரிப்பு. அம்மா அப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாதென்று அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தியபோது தெரிந்தது.

"அடுத்த சூளைக்கு யாரு சமைக்கிறதாம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு பேருமாம்."

"என்னா செய்யறாங்களாம்?"

"காலையிலயே கேட்டேன். சொல்ல மாட்டாங்களாம்."

உள்ளே மறுபடியும் சிரித்தார்கள். அப்பா சோற்றில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னாத்துக்கு இந்தச் சிரிப்பு? போயித்தான் பாரேன்."

"நான் போவ மாட்டேன்" என்றேன். "நீங்க வேணா போங்க."

அப்பாவும் போகவில்லை.